தீபாவளி சமயத்தில் தனித்துப் போகும் முதியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியத் தோட்டங்களில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாழ்ந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூடக் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, ஆட்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் சிதறிய பிறகு நிலைமை வேறு. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் பிள்ளைகள் கேஎல் (கோலாலம்பூர்), ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட, கம்பிக் கதவுக்குப் பின்னால் அம்மாவோ அப்பாவோ மட்டும் இருக்கிறார். இந்தக் கேள்வி பதில் அந்தப் பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும், ஊர் இளைஞர்களுக்கும்.

தீபாவளிக்குத்தான் எல்லாரும் வந்துவிடுகிறார்களே, தனிமை எங்கிருந்து வருகிறது?

வருவது இரண்டு நாள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை மத்தியானமே கார்கள் கிளம்பிவிடும். செவ்வாய் முதல் அடுத்த ஞாயிறு வரையுள்ள ஆறு நாள்தான் ஆபத்தான நாள்கள். நேற்றுவரை பேரப்பிள்ளைகள் சத்தம். இன்று கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரமும் லேசானதல்ல. பக்கத்து வீட்டார் சுத்தம் செய்வதிலும் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போவதிலும் மும்முரமாக இருப்பார்கள். வாசலில் நின்று நாலு வார்த்தை பேச யாருக்கும் நேரமிருக்காது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, சாப்பாட்டுக் கடை. நம்மவர் கடைகள் பல தீபாவளிக்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை மூடியிருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே போய்த் தோசையும் தேத்தண்ணியும் குடித்துப் பேப்பர் பார்க்கும் தாத்தாவுக்கு அந்த வாரம் சாப்பாடும் போகிறது, பேச்சுத் துணையும் போகிறது, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகக் காரணமும் போகிறது. மனைவியை இழந்த, சமைத்துப் பழகாத ஆண்களை இது அதிகம் அடிக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே மூடும் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள்களைத் தெருவில் உள்ள வீடுகள் பிரித்துக்கொள்ளட்டும்: இன்றைக்கு யார் வீட்டுப் பசியாறல் (காலைச் சாப்பாடு), நாளைக்கு யார் வீடு. அடுக்குச் சட்டியில் கொடுத்தனுப்புவதைவிட, அவரையே கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்துப் போடுவது மேல். கொடுத்தனுப்பினால் சாப்பாட்டுக் கவலை மட்டும்தான் தீரும்.

ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் எந்த நாள்?

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், அதாவது நவம்பர் 11. பண்டிகை நாளில் வரக்கூடியவர்கள் வேறு பலர் இருப்பார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், ஆனால் உட்கார வேண்டும். கார் எஞ்சினை ஓடவிட்டபடி கேட்டில் நின்று பலகாரப் பையை நீட்டுவது வருகைக் கணக்கில் சேராது.

கூடுதலாக நேரம் இருப்பவர்கள் நாள்காட்டியில் அக்டோபர் 25, நவம்பர் 1, 7, 10, 12, 15 ஆகிய தேதிகளில் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். “யாராவது போய்ப் பார்ப்போம்” என்று விட்டால் யாரும் போக மாட்டார்கள்.

தனியாக இருப்பவர் எல்லாரும் தனிமையில் வாடுகிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இல்லை. தனியாக இருந்துகொண்டு கோழி, கறிவேப்பிலைச் செடி, கோயில் என்று நிறைவாக இருப்பவர்கள் உண்டு. மகன் மருமகளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள் முழுக்க யாரிடமும் பேசாதவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அதில் இளையோரும் அடக்கம்.

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சுருக்கமான அளவுகோலில் மூன்றே கேள்விகள்: கூட இருக்க ஆளில்லை என்று எவ்வளவு தடவை தோன்றுகிறது? தன்னை விட்டுவிட்டார்கள் என்று எவ்வளவு தடவை? மற்றவர்களிடமிருந்து துண்டித்துப் போனதாக எவ்வளவு தடவை? அரிதாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் போனால் தனிமை இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதைப் பாரம் நிரப்புவது மாதிரி கேட்காதீர்கள். “தனிமையா இருக்கா பாட்டி?” என்றால் “எனக்கென்ன குறை, பிள்ளைங்க நல்லா பாத்துக்குறாங்க” என்றுதான் பதில் வரும். தனிமை என்று ஒப்புக்கொண்டால் பிள்ளைகளைக் குறை சொன்னதாகிவிடும் என்ற பயம் அது. “ராத்திரில பொழுது எப்படிப் போகுது?”, “கடைசியா யார் வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்க?” என்று கேளுங்கள். வீட்டையும் பாருங்கள். தினசரி நாள்காட்டியில் போன வாரத் தேதி கிழிபடாமல் இருப்பது, சாமி மேடையில் காய்ந்த பூ, ஒரே துணி, ஆளில்லாமலும் அலறும் டிவி, விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு பேச்சைத் தொடங்குவது, இவையெல்லாம் அடையாளங்கள்.

மாதம் பணம் அனுப்புகிறோம், தீபாவளிக்குக் கூடை நிறையப் பொருளும் வாங்கிக் கொடுக்கிறோம். இன்னும் என்ன?

வேலை கொடுங்கள். முதியவர்களைப் பண்டிகையில் தனியாக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க பாத்துக்குறோம்.” பாசத்தோடு சொல்வதுதான். ஆனால் நாற்பது வருடம் அந்த வீட்டுத் தீபாவளியைத் தூக்கி நிறுத்தியவர், அன்றிலிருந்து வெறும் விருந்தாளி.

பலகாரம் சுடுவதுதான் இதற்கு நல்ல இடம். அக்டோபர் 31, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் முதுகு வலி வந்து அடுத்த முறை கூப்பிட்டாலும் வர மாட்டார். அளவைக் குறைவாக வையுங்கள்: முறுக்குக்கு 1 கிலோ அரிசி மாவு, 250 கிராம் வறுத்து அரைத்த உளுந்து மாவு, 100 கிராம் வெண்ணெய், எள், ஓமம், உப்பு. மாவின் பதம் பார்ப்பது பாட்டியின் பொறுப்பு. வெண்ணெய் மிஞ்சினால் எண்ணெயில் முறுக்கு உடைந்து கரையும். உளுந்து குறைந்தால் பல்லுடைக்கும். மாவை மொத்தமாகப் பிசைந்து வைத்தால் காய்ந்து, பிழியும்போது அறுந்து அறுந்து விழும். இதை அவர் சொல்ல, இளசுகள் செய்யட்டும். இரண்டு கைப்பிடி வைத்து அழுத்தும் அச்சு மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. திருகும் அச்சைக் கொடுங்கள். எண்ணெய்ச் சட்டி பக்கம் அவர் வேண்டாம், நிற்பதும் சூடும் தலைசுற்றலைக் கொண்டுவரும்.

நெய் உருண்டை இன்னும் தோது. 500 கிராம் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு, 350 கிராம் பொடித்த சீனி, 200 முதல் 250 கிராம் உருக்கிய நெய். சூடு ஆறுமுன் பிடிக்க வேண்டும் என்பதால் நாலைந்து கை ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தே ஆகவேண்டும். பேச்சு தானாக வரும்.

சமையல் ஒத்துவராத தாத்தாக்களுக்கும் வேலை இருக்கிறது. அங்பாவ் (பண அன்பளிப்பு) உறைகளில் பணம் போட்டு எண்ணி வைப்பது, தோரணம் கட்டுவது, முன்னோருக்குப் படையல் போடும்போது யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்வது. இந்தக் கடைசி வேலையை அவரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

போய் உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருப்பதில்லை. என்ன பேசுவது?

“சாப்டிங்களா, மருந்து போட்டிங்களா” என்ற இரண்டு கேள்வியோடு நின்றால் விசாரணை மாதிரி இருக்கும். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், விடிய எத்தனை மணிக்குப் பெரட்டு (வேலைக்குப் பேர் கூப்பிடுவது), ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேளுங்கள். எண்பதைத் தாண்டியவர் என்றால், தொழிலாளர்கள் பங்கு சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டில் யாராவது பங்கு சேர்ந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்ட கதையும் கூடவே வரும். அழுகை வந்தாலும் பேச்சை மாற்றாதீர்கள்.

கதை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் “இதைத்தான் போன தடவையே சொன்னீங்களே” என்று வெட்டாமல், அதிலிருந்து சின்னதாக ஒரு கேள்வி கேளுங்கள். அப்போது மண்டோர் (மேற்பார்வையாளர்) யார்? அன்றைக்கு மழையா? ஆனால் பத்து நிமிடத்துக்குள் அதே கதை இரண்டு தடவை வந்தால் அது வயசுக் கோளாறு என்று விடாமல் கிளினிக்கில் ஞாபகசக்திப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள்.

அம்மாவைக் கேஎல்லுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பல நேரம் கூடிவிடும். பதினாலாம் மாடி கொண்டோவில் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை தனியாக இருப்பது சுங்கை சிப்புட்டில் தனியாக இருப்பதைவிடக் கொடுமை. லிஃப்டுக்குக் கார்டு வேண்டும், கீழே இறங்கினாலும் தெரிந்த முகம் கிடையாது.

அழைத்துப் போவதென்றால் நீங்கள் லீவில் இருக்கும் நாள்களில் மட்டும், மூன்று நான்கு இரவு. திரும்பும் தேதியைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். எப்போது வீடு திரும்புவோம் என்று தெரியாத தவிப்பே பாதிப் பேரைச் சாப்பிடவிடாது. மருந்து மூன்று நாளைக்குக் கூடுதலாக, அவருடைய தலையணை, கைலி, சின்ன ரேடியோ. தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் எந்த அலைவரிசையில் என்று முன்னாடியே பிடித்து வைத்துவிடுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு. ரயிலில் என்றால் சுங்கை சிப்புட் நிலையத்தில் நிற்கும் இடிஎஸ் (விரைவு மின்ரயில்) எது என்று பார்த்து எடுக்க வேண்டும், எல்லா வண்டியும் நிற்காது. தீபாவளி வாரத்து டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும்.

பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளையைப் பாட்டியிடம் அனுப்புவது இதைவிட நல்ல யோசனை. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே தெரியாமல் பொழுது ஓடும்.

திறந்த இல்ல உபசரிப்பில் (பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் விருந்தில்) அப்பா ஒரு மூலையில் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். ஏன்?

முதலில் காதைச் சந்தேகியுங்கள். ஐம்பது பேர் பேசும் கூடத்தில், பாட்டும் ஓடும்போது, காது மந்தமானவருக்கு ஒரே இரைச்சல்தான் கேட்கும். பதில் தவறாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட வாயை மூடிக்கொள்வோம் என்று ஒதுங்கிவிடுகிறார்.

நாற்காலியைக் கூடத்து நடுவில் போடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் வரும்படி, ஸ்பீக்கரிலிருந்து தூரமாக, பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோ பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல், மெதுவாக, முகத்தைப் பார்த்துப் பேசட்டும். கத்தினால் சத்தம் கூடும், சொல் தெளியாது.

காது மெஷின் இருந்தால் பேட்டரியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், விடுமுறையில் கடை இருக்காது. பெட்டியில் ஒட்டு நிறத்தைப் பாருங்கள்: 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். ஒட்டை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட விட வேண்டும். மெஷினே இல்லை, கேட்பது மட்டும் திடீரென்று குறைந்துவிட்டது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம், அவசரமாகப் பார்க்க வேண்டிய வேறொன்றாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். வீடியோ அழைப்பு உதவுமா?

உதவும், ஒழுங்காகச் செய்தால். பன்னிரண்டு முகம் ஒரே திரையில் “ஹேப்பி தீபாவளி பாட்டி” என்று கூச்சலிடுவது உங்களுக்குத்தான் கொண்டாட்டம். ஒருவர், பத்து நிமிடம், வாரத்தில் அதே நாள், அதே நேரம். இதுதான் பலன் தரும். காத்திருக்க ஒன்று இருப்பதே பாதி மருந்து. சிங்கப்பூருக்கும் நமக்கும் நேர வித்தியாசமில்லை. நவம்பரில் லண்டன் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால், சிட்னி மூன்று மணி நேரம் முன்னால். ஆகவே இங்கே இரவு எட்டு என்பது லண்டனில் மத்தியானம் பன்னிரண்டு, சிட்னியில் இரவு பதினொன்று.

கைப்பேசியைக் கையில் பிடிக்கச் சொன்னால் உங்களுக்குத் தெரிவது கூரையும் காற்றாடியும்தான். மைலோ டின்னில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், ஜன்னல் அவருக்கு எதிரே இருக்கட்டும். பிரீபெய்ட் நம்பரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். டாப்-அப் செய்யாமல் விட்டால் லைன் தடைப்படும். “பிள்ளைங்க கூப்பிடவே இல்லை” என்ற மனக்கசப்பு சில வீடுகளில் இப்படித்தான் வருகிறது.

அப்படியே ஒன்றும் சொல்லி வையுங்கள்: தெரியாத நம்பரிலிருந்து போலீஸ், கோர்ட், வங்கி என்று பேசினால் வைத்துவிட வேண்டும். பேச்சுத் துணைக்கு ஏங்குபவர் சீக்கிரம் ஏமாறுகிறார். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997.

இந்த வருடம் துக்கம் நடந்த வீடு. போகலாமா?

கட்டாயம் போங்கள். துக்கம் நடந்த வருடம் பலகாரம் சுட மாட்டார்கள், புதுத்துணி எடுக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். ஆனால் “தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று ஊரே ஒதுங்கிக்கொள்வது வழக்கமல்ல. அந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நம் பழக்கம். வாழ்த்துச் சொல்ல வேண்டாம். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அதைக் கேட்கத்தான் ஏங்குவார்கள். கணவனை இழந்தவரை நல்ல காரியத்தில் முன்னே நிற்க வேண்டாம் என்று விலக்கும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து ஆசீர்வதிக்கப் பேரப்பிள்ளைகளை அவரிடமே முதலில் அனுப்புங்கள், விவாதம் தேவைப்படாது.

எங்கே கூப்பிட்டாலும் “நான் வரலை” என்கிறார்.

பெரும்பாலும் அதற்கு வேறு காரணம் இருக்கும்: சிறுநீர் அடக்க முடியாது, அங்கே கழிவறை எப்படியோ, பல்செட் ஆடுகிறது, போட நல்ல துணி இல்லை, கையில் கொடுக்க அங்பாவ் இல்லை, ராத்திரி ஆகிவிட்டால் யார் கொண்டுவந்து விடுவது. “காலையில் ஒன்பதரைக்கு நான் வந்து ஏத்திக்கிறேன், பதினொன்றுக்குத் திரும்ப விட்டுடுறேன்” என்று சொல்லிக் கூப்பிட்டால் பதில் மாறும். நேரமும் அதுவே சரி, மத்தியானத்துக்கு மேல் இந்த மாதங்களில் மழை பிடித்துக்கொள்ளும். உயரமான ஹைலக்ஸ் வண்டியில் ஏற முடியாது. மைவி, சாகா மாதிரி சின்னக் காரின் முன்சீட்டில் சுலபமாக உட்காருவார். மறுபடியும் மறுத்தால் வற்புறுத்தாமல் நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள்.

உடம்பு விஷயத்தில் எதில் ஜாக்கிரதை?

எண்ணெய்க் குளியலன்று குளியலறையில் ரப்பர் பாய் போடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். இனிப்பு நோய்க்காரருக்கு இனிப்பைவிடப் பெரிய ஆபத்து, வீடு வீடாகப் போகும் அவசரத்தில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விடுவது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள், 4.0 mmol/Lக்குக் கீழே இருந்தால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலக்கி, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதனை. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் அவசர எண் 999.

தண்ணி அடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் ஆண்கள் சிலருக்குப் பண்டிகை வாரம் முழுக்கப் புட்டியோடு போகிறது. மலிவான சம்சு சாராயத்தைத் தூக்க மாத்திரையோடோ இனிப்பு நோய் மருந்தோடோ சேர்ப்பது உயிருக்கு ஆபத்து. போதனை செய்து பயனில்லை; மாலை ஆறு மணிக்கு, அவர் ஆரம்பிக்கும் நேரத்துக்கு, சாப்பாட்டோடு போய் உட்காருங்கள்.

முதியோர் இல்லத்துக்கு எங்கள் குழு போக நினைக்கிறது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வேண்டாம். அன்றைக்கு நாலு குழு வந்து நாலு பிரியாணி கொடுக்கும், அடுத்த வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். பொறுப்பாளரைக் கூப்பிட்டு, யாருமே பதிவு செய்யாத தேதியைக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை பேருக்கு மென்று சாப்பிட முடியாது, தமிழ் பேசுபவர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் பலருக்குத் தமிழ் தெரியாத இல்லங்களில், தமிழில் அரை மணி நேரம் பேசுவதுதான் நீங்கள் கொண்டுபோகும் பெரிய பொருள். மேடை, மாலை, படம் பிடித்து முகநூலில் போடுவது வேண்டாம்.

எப்போது மருத்துவ உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்காமல், தூக்கமில்லாமல், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது வெறும் தனிமையாக இருக்காது, மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) அதற்கான கேள்வித்தாள் உண்டு, சிகிச்சையும் உண்டு. “போய்ச் சேர்ந்தாப் போதும்” என்பதை நம் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். ஆனாலும் நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, மீதமான மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சமூகநல உதவிக்குத் தாலியான் காசே 15999, உடனடி ஆபத்துக்கு 999.

தீபாவளி வாரம் தாண்டிய பிறகு என்ன செய்வது?

டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. விடியற்காலைப் பூசை நடக்கும் கோயில் பக்கத்தில் இருந்தால், ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் அதே முகங்களைப் பார்க்கும் வாய்ப்பு அது. ஒரு நாள் விருந்தைவிட இந்தத் தினசரிப் பழக்கம் பெரிது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபையின் டிசம்பர் ஆராதனைகளும் வீட்டுக்கு வரும் கீதக் குழுவும் அப்படித்தான். கோயில் நிர்வாகம் செய்ய வேண்டியவை: வண்டி இல்லாதவர்கள் பட்டியல், கிழமைக்கு ஒரு கார், உட்கார நாலு நாற்காலி, ஈரமில்லாத படி, பூசை முடிந்ததும் பிரசாதத்தோடு கால் மணி நேரம் தேத்தண்ணி. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் யார் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமூகநலத் துறையின் ‘பாவே’ முதியோர் நடவடிக்கை மையங்களும் இருக்கின்றன. முதல் இரண்டு தடவை கூடவே போய் உட்கார்ந்திருங்கள். தமிழ் பேசும் ஒருவரையாவது அறிமுகப்படுத்திவிட்டுத் திரும்புங்கள்.